கணக்குப்பிள்ளை எண்ணாத ஆள்

அன்று மாலை கணக்குப்பிள்ளை அவள் கணவனை எண்ணாமல் விட்டது.

கணக்குப்பிள்ளை என்பது நாய். கன்றுக்குட்டி அளவு உடம்பு, அழுக்கு வெள்ளையில் அடர்ந்த மயிர், ஓநாய் கவ்வாமலிருக்கக் கழுத்தில் ஆணி வைத்த பட்டை. செம்மறி ஆடுகளைக் காப்பதற்கென்றே வளர்க்கும் இனம். கண் திறந்த நாளிலிருந்து ஆடுகளுக்கு நடுவே படுத்து வளர்ந்தது. கூப்பிட்டால் வராது. தலையைத் திருப்பிப் பார்க்கும், சொன்னதைப் பரிசீலிக்கும், பெரும்பாலும் நிராகரிக்கும். பந்தை எறிந்தால் பந்தையும் எறிந்தவரையும் ஒரே மாதிரி பரிதாபமாகப் பார்க்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அதற்கு நன்றாகப் பயந்தாள். "நாம அதை வளர்க்கல, அதுதான் நம்மளை வளர்க்குது" என்று கணவன் சொல்லிச் சிரிப்பான்.

பொழுது சாயும்போது ஆடுகள் பட்டிக்குள் நுழையும். கணக்குப்பிள்ளை படலருகில் நின்று ஒவ்வொரு ஆட்டையும் விலாவில் மூக்கால் தொட்டு உள்ளே விடும். ஒன்று குறைந்தாலும் அன்று ராத்திரி படுக்காது. பெயர் வந்தது அப்படித்தான். மகளைப் பெற்று வீட்டுக்கு எடுத்து வந்த அன்று அது முதல் தடவையாக வீட்டு வாசல்வரை வந்து, துணிக்கு வெளியே தெரிந்த குழந்தையின் பாதத்தை மூக்கால் தொட்டது. அதிலிருந்து வீட்டு ஆட்களும் கணக்கில் சேர்ந்துகொண்டார்கள். பட்டியை முடித்துவிட்டு வீட்டுக்கு வரும். மகள் கையில் ஒரு ஈர மூக்கு, அவள் கையில் ஒன்று, அவன் கையில் ஒன்று. பிறகு வாசற்படியின் குறுக்கே படுத்துக்கொள்ளும். முதுகு வீட்டுப் பக்கம், முகம் இருட்டுப் பக்கம். கணக்கு சரி என்பதற்கு அதுதான் கையெழுத்து. அந்த அகலமான முதுகைப் பார்த்துவிட்டுத்தான் அவள் விளக்கை அணைப்பாள்.

அன்றும் வந்தது. வாண்டுவின் கையைத் தொட்டது. வாண்டு என்பது மகளை வீட்டில் கூப்பிடும் பெயர். பிறகு அம்மாவான அவள் கையைத் தொட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் வழக்கம்போலக் கையை நீட்டினான். நாய் அவன் கைக்கு முன்னால் நின்றது. அதன் மூக்கு மட்டும் அசைந்தது. பிறகு தொடாமலே திரும்பிப் போய் வாசற்படியில் படுத்தது.

முகம் வீட்டைப் பார்த்து.

அவன் கை கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது. பிறகு அதை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், தன்னுடையது இல்லாத ஒரு சாமானை வைப்பதுபோல.

"என்மேல கோவம் போல" என்றான்.

"நேத்து அதை விட்டுட்டுப் போனீங்கல்ல. அதான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, சொன்னதை நம்பவும் செய்தாள்.

முந்தின நாள் மூடுபனி காலையிலேயே இறங்கிவிட்டது. மணி கட்டிய கிழட்டு ஆடு ஒன்று மந்தையை விட்டு ஓடைப்பள்ளத்துப் பக்கம் போய்விட்டதென்று அவன் தேடிப் போனான். கணக்குப்பிள்ளை கூடப் போகவில்லை. ஒரு ஆட்டுக்காக மந்தையை விட்டுப் போகிற வழக்கம் அதற்குக் கிடையாது. பள்ளத்தின் பக்கமிருந்து அந்த மணிச்சத்தம் பனிக்குள் அமுங்கி அமுங்கிக் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் திரும்பி வந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கம்பளிக் கோட்டைக் காணோம். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னான். அவள் அழுதுகொண்டே தலை, கழுத்து, கைகள், முதுகு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அவன்மேல் ஒரு வாசனை மட்டும் இருந்தது. துருவும் சேறும் பல நாள் வெயில் படாத கல்லும் சேர்ந்த வாசனை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். குளித்துவிட்டு வந்த பிறகும் அது போகவில்லை. பள்ளத்துத் தண்ணீர் அப்படி, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு ஆடு குறைந்திருந்ததால் அன்று ராத்திரி கணக்குப்பிள்ளை பட்டியை விட்டு வீட்டுப் பக்கம் வரவில்லை.

நாய் அவனைத் தொடாமல் விட்ட மறுநாள் காலையில் பால்வண்டிக்காரர் வந்தார். ஆட்டுப்பாலை எடுத்துப் போய்ப் பாலாடைக்கட்டி செய்யும் ஆலையில் கொடுப்பவர். பேச்சு ஊற்றாக வரும். வழக்கமாகக் கணக்குப்பிள்ளை குரைக்கிற குரைப்பில் அவர் வண்டியை விட்டு இறங்காமலேயேதான் பேசுவார்.

"என்ன தங்கச்சி, கணக்குப்பிள்ளை லீவுல இருக்காரா? இத்தனை வருஷமா பால் எடுக்குறேன், இன்னும் என்னைத் திருடன்னுதான் நெனைக்கிறாரு. இன்னைக்குத் திரும்பிக்கூடப் பாக்கலையே."

"உள்ள பாத்துப் படுத்திருக்குண்ணே. ராத்திரியெல்லாம் அப்படியேதான் இருந்துச்சு."

"யாரைப் பாக்குது?"

அவள் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டே, கணவன் பள்ளத்தில் விழுந்த கதையைச் சொன்னாள்.

"அந்தப் பள்ளத்துலயா? கீறல் இல்லையா?" அவர் விசில் அடித்தார். "போன தடவை அங்க விழுந்த ஆட்டைத் தூக்கப் போனோமே, ஆடு நல்லா இருந்துச்சு, போன எங்க எல்லாருக்கும்தான் முட்டி பேந்துச்சு. உன் வீட்டுக்காரன் மச்சக்காரன்மா." பிறகு குரலை இறக்கினார். "ஆனா ஒண்ணு சொல்றேன் டீச்சரம்மா. இந்த ஜாதி நாய் வீட்டு ஆளையே முறைக்க ஆரம்பிச்சுதுன்னா விடக்கூடாது. மேல்பண்ணையில ஒண்ணு அப்படித்தான் ஆச்சு. கடைசில சுட்டுட்டாங்க. சின்னக் குழந்தை இருக்குற வீடு. பாத்துக்க."

அவள் முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தாள். கணவன் அவளை எப்போதும் கிண்டலாக "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவான். பள்ளத்திலிருந்து வந்ததிலிருந்து அவன் அப்படிக் கூப்பிடவில்லை. வண்டி போன பிறகு, கதவுக்குப் பின்னால் நிழலில் நின்றிருந்த அவன் கேட்டான்:

"டீச்சர், அவர் என்ன சொன்னாரு?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அப்படியொரு நிம்மதி. அன்று முழுக்க அவன் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தான். டீச்சர் தண்ணி குடு. டீச்சர் இது என்ன. டீச்சர் நீ ஏன் அழற.

அடுத்தடுத்த மாலைகளிலும் நாய் அவனைத் தொடவில்லை. படிப்படியாக வாசற்படியை விட்டு உள்ளே வந்தது. அது வீட்டுக்குள் நுழைந்ததே கிடையாது. கூரைக்குக் கீழே படுக்கப் பிடிக்காத நாய், கொட்டும் மழையிலும் வெளியேதான் கிடக்கும். இப்போது வாண்டு படுக்கும் அறையின் கதவை அடைத்துப் படுத்தது. அவன் எழுந்தால் எழுந்தது. அவன் உட்கார்ந்தால் படுத்தது. அவன் மகளிருக்கும் பக்கம் ஓர் அடி வைத்தாலும் அதன் மேலுதடு மட்டும் ஏறும். சத்தமில்லாத அந்தப் பல்வரிசையை அவள் அதுவரை ஓநாய்க்கு மட்டுமே அது காட்டிப் பார்த்திருந்தாள்.

அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. முன்பெல்லாம் என்றால், "நான் சோறு போடுற நாய் என்கிட்டயே பல்லைக் காட்டுதா" என்று வீட்டை இரண்டாக்கியிருப்பான். இப்போது நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாயும் பார்த்துக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடியது.

"சுட்டுடலாம்" என்றான் ஒரு நாள், விளக்கை அணைத்துவிடலாம் என்பதுபோல.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணக்குப்பிள்ளை இல்லாவிட்டால் பனிக்காலம் முடிவதற்குள் ஓநாய்கள் பட்டியைக் காலி பண்ணிவிடும். ஆடு இல்லாவிட்டால் இந்த வீடு இல்லை. அதைவிட, பாதத்தைத் தொட்ட அந்த மூக்கு. ஆனால் ஒரு நாள் அந்த மேலுதடு ஏறுவதோடு நிற்காவிட்டால்? கணவனா, நாயா, நடுவில் நிற்கும் குழந்தையா? இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தாள். படித்த புத்தி ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. விடியும்போது கிடைத்தது.

வாசனை. அவ்வளவுதான். நாய்க்கு உலகம் கண்ணில் இல்லை, மூக்கில். பள்ளத்துத் தண்ணீர் அவன் வாசனையைக் கழுவிவிட்டது. கணக்குப்பிள்ளைக்கு இவன் வேறு ஆள்.

அதற்கு வைத்தியமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் விழுவதற்குச் சில நாள் முன்புதான் பட்டியில் ஒரு ஆட்டின் குட்டி செத்துப்போனது. அதே வேளையில் இன்னொரு குட்டி தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்தது. வேறொரு குட்டியை எந்த ஆடும் ஏற்காது, முட்டித் தள்ளிவிடும். அவன் செத்த குட்டியின் தோலை உரித்து, கால் நுழையத் துளை விட்டு, சட்டை மாட்டுவதுபோல அந்த அநாதைக் குட்டிக்கு மாட்டினான். தாய் ஆடு வாலை மோந்து பார்த்தது. மடியைக் கொடுத்தது. கொட்டகைத் தரையில் தோலில்லாமல் கிடந்த அந்தச் சிவப்பு உடம்பைப் பார்த்துவிட்டு அவளால் அன்று சாப்பிட முடியவில்லை.

"தாயை ஏமாத்துறோமே" என்றாள்.

"ஏமாத்தல டீச்சர்" என்றான் அவன், கையைக் கழுவிக்கொண்டே. "அதுக்கு ஒரு குட்டி வேணும். குட்டிக்கு ஒரு தாய் வேணும். நடுவுல ஒரு தோல். அவ்வளவுதான்."

அதையேதான் அவள் இப்போது செய்தாள். கொட்டகைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய பழைய பழுப்பு ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும்போது போடுவது. பல மாதமாகத் துவைக்காதது. வியர்வையும் புகையிலையும் ஆட்டுக் கொழுப்புமாக, மூக்கை வைத்தால் அவனே நிற்பது மாதிரி இருந்தது. அதில் முகத்தைப் புதைத்து ஒரு நிமிடம் நின்றாள். ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது.

"இதைப் போட்டுக்கங்க" என்று கொடுத்தாள். வாண்டுவின் போர்வையை எடுத்து அவன் கைகளிலும் கழுத்திலும் தேய்த்தாள். குளிர்ந்த கைகள். அவன் ரொம்ப கவனமாக, வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் பிள்ளைபோல, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எதுக்கு டீச்சர்?"

"ஆட்டுக்குட்டிக்குப் பண்ணீங்களே, அது மாதிரி. கணக்குப்பிள்ளைக்கு உங்க வாசனை வேணும்."

அவன் ஸ்வெட்டரின் கையை முகர்ந்து பார்த்தான்.

"தோல் வேண்டாமா?" என்று கேட்டான். "துணியே போதுமா?"

அவள் சிரித்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு அவன் அடித்த முதல் ஜோக் என்று நினைத்தாள்.

"போதும், போதும். நாய்தானே."

மாலையில் கணக்குப்பிள்ளை பட்டியை முடித்துவிட்டு வந்தது. அவன் கையை நீட்டினான். நாய் ஸ்வெட்டரின் விளிம்பில் மூக்கை வைத்தது. நெஞ்சுவரை மோந்தது. கையை மோந்தது, மறுபடி ஸ்வெட்டர், மறுபடி கை. அதன் பிடரி மயிர் எழுந்து, அமர்ந்து, எழுந்தது. தொண்டைக்குள் ஏதோ முனகியபடி, தனக்கே நம்பிக்கையில்லாத ஒன்றை ஒப்புக்கொள்பவரைப்போல, நாய் அவன் புறங்கையில் மூக்கால் ஒரு தடவை தொட்டது.

பிறகு வாசலுக்குப் போய்ப் படுத்தது. முதுகு வீட்டுப் பக்கம். முகம் இருட்டுப் பக்கம்.

அவள் மடங்கி உட்கார்ந்து அழுதாள். அவன் எழுந்து, யாரும் தடுக்காமல், மகளின் அறைக்குள் போனான்.

பனி விலகவே இல்லை. பகலும் பால் கலந்த தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் வீட்டுச் சாமான்கள் எல்லாம் ஒரு சாண் தள்ளிவைத்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. அவன் சாப்பிடும் தட்டில் சோறு குறைவதில்லை, இடம்தான் மாறியது. பட்டிக்குள் அவன் போனால் ஆடுகள் கத்தாமல், மிதிக்காமல், மூலையில் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. நாய் குழப்பத்துடன் ஆடுகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. ஆனால் கணக்கு கணக்குதான். ஒருமுறை சேர்த்தவரை அது தள்ளியதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வாண்டு கேட்டாள்:

"அப்பா, ஆட்டுக்குட்டி மாதிரி கத்துங்க."

அவன் பள்ளத்தில் விழுவதற்கு முன் தினமும் நடந்த விளையாட்டு அது. அவன் கத்தினால்தான் அவள் வாய் திறப்பாள்.

"எப்படி?" என்றான் அவன்.

"மறந்துட்டீங்களா? மக்கு அப்பா! இப்படி." வாண்டு மூக்கைச் சுருக்கிக் கத்திக் காட்டினாள்.

அவன் வாயைத் திறந்தான். அதே சத்தம் வந்தது. ஆட்டுக்குட்டி சத்தமில்லை. வாண்டுவின் சத்தம். அவளுடைய மெல்லிய குரல், நடுவில் அவள் சிரிப்பை அடக்கியதுகூட அப்படியே.

வாண்டு கைதட்டினாள். அம்மாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

மறுநாள் கொடியில் போட்டிருந்த அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டரைக் காணவில்லை. தினமும் பால் கறக்கும்போது போடுவது. துவைத்துப் போட்டதுகூட இல்லை, ஈரம் உலரத்தான் போட்டிருந்தாள்.

"காத்துல போயிருக்கும்" என்றான் அவன்.

இப்படி மூடுபனி நிற்கும்போது காற்று ஏது?

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் மகளுக்குத் தலை பின்னும்போது. மாவு பிசையும்போது. ஆடுகளைக் கூப்பிட நாக்கை மடித்து அவள் எழுப்பும் சத்தத்தின்போது. ஆசையாகப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. பாடம் படிக்கிற பார்வை அது. பரீட்சை நெருங்கிவிட்டவன் பார்வை.

ஒரு மத்தியானம் அடுப்படியில் நின்றிருந்தாள். அவன் முன்னறையில், அதே நாற்காலியில். வாண்டு தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே கொட்டகையிலிருந்து, நாக்கை மடித்து, இரண்டு இழுப்பும் ஒரு நிறுத்தமுமாக, ஆடுகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அவளுடைய சத்தம்.

கையிலிருந்த மாவு உலர்ந்துபோகும்வரை அவள் அசையாமல் நின்றாள். மறுபடி கேட்டது. இந்தத் தடவை நிறுத்தம் சரியான இடத்தில் விழுந்தது. முதல் தடவை பிசகியிருந்ததைத் திருத்திக்கொண்டதுபோல.

"எதிரொலி" என்றான் அவன், அவள் எதுவும் கேட்காமலேயே. "பனியில அப்படித்தான் கேக்கும் டீச்சர்."

அன்று இரவு முடிவு செய்தாள். காலையில் பால்வண்டி வரும்போது வாண்டுவைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட வேண்டும். எங்கே, என்னவென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். விடிந்தது. வண்டி வரவில்லை. பாதை தெரியாத பனி. கறந்த பால் பாத்திரத்தில் ஆடை கட்டியது.

பொழுது சாய்கிற நேரம். ஆடுகள் இன்னும் நுழைய ஆரம்பிக்கவில்லை. பள்ளத்தின் பக்கமிருந்து மணிச்சத்தம் வந்தது.

காணாமல்போன கிழட்டு ஆட்டின் மணி. அவளுக்கு அந்தச் சத்தத்தில் சந்தேகமே கிடையாது, விளிம்பு உடைந்த மணி. அமுங்கி அமுங்கி. நின்று நின்று.

"உயிரோடதான் இருக்கு போல" என்றான் அவன். "நீ போய்ப் பாரு டீச்சர். பாப்பாவை நான் பாத்துக்கறேன்."

"வாண்டுவும் என்கூட வரட்டும்."

"பனியில பள்ளத்துக்கா?"

அவன் குரல் நியாயமாக இருந்தது. அவள் வாசலைப் பார்த்தாள். கணக்குப்பிள்ளை படலருகில் மலைபோல நின்றது. அது இருக்கிறது. வாண்டுவின்மேல் ஒரு கை பட விடாது. அப்படித்தான் நினைத்தாள். அதைவிட, அவளுக்குப் பார்த்தாக வேண்டியிருந்தது. அந்தப் பள்ளத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் இந்த வீட்டில் இன்னொரு ராத்திரி முடியாது.

போனாள். கல்லைப் பிடித்து, வேரைப் பிடித்து இறங்கினாள். துருவும் சேறும் வெயில் படாத கல்லும் சேர்ந்த வாசனை ஏறி வந்தது. இறங்க இறங்கக் கெட்டியானது. மணி மிக அருகில் கேட்டது. அவள் நாக்கை மடித்து ஆட்டைக் கூப்பிட்டாள்.

மணி நின்றது.

முட்செடி ஒன்று. அதன் கிளையில் மணி தொங்கிக்கொண்டிருந்தது. ஆடு இல்லை. கிளை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, யாரோ அப்போதுதான் கையை எடுத்ததுபோல.

செடிக்குக் கீழே ஒரு பூட்ஸ். அதற்கப்பால் அவனுடைய கம்பளிக் கோட்டு, மல்லாந்து, பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போடப்பட்டு.

கோட்டு காலியாக இல்லை.

அவள் மண்டியிட்டாள். ஒரு பொத்தானைக் கழற்றினாள். இன்னொன்று. கொட்டகைத் தரையில் கிடந்த குட்டி நினைவுக்கு வந்தது. அதே சிவப்பு. அதே சுத்தமான வேலை. தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை யாரோ பத்திரமாகப் பொத்தான் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அவன் கையைப் பிடித்தாள். கை என்று சொல்லக்கூடியதை. நெஞ்சில் விழுந்து கட்டிக்கொண்டாள்.

தோல் வேண்டாமா? துணியே போதுமா?

மேலே, பனிக்குள், சரளைக்கல் உருண்டது. காலடிகள். யாரோ பள்ளத்தின் விளிம்பில் ஏறி வீட்டுப் பக்கம் போகிறார்கள். அவசரமில்லாத நடை. பனியின் ஒரு கிழிசலில் ஒரே ஒரு கணம், மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

அவள் ஏறினாள். நகம் பேர்ந்தது. வழுக்கி விழுந்தாள். ஏறினாள். முழங்கால் சிராய்ந்தது. ஏறினாள். வாண்டு. வாண்டு. வாண்டு.

பட்டி மூடியிருந்தது. ஆடுகள் உள்ளே இருந்தன. எண்ணி முடித்தாயிற்று.

வீட்டு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். வாசற்படியின் குறுக்கே கணக்குப்பிள்ளை. முதுகு வீட்டுப் பக்கம்.

முகம் அவள் பக்கம்.

"கணக்குப்பிள்ளை" என்றாள். "நான்தான்டா. விடு. வழியை விடு."

நாய் எழுந்தது. அவள் கையை நீட்டினாள். கையெல்லாம் சேறு, துரு, அவன். நாய் முன்னே வந்தது. ஈர மூக்கு அவள் விரலுக்கு ஒரு நூல் தூரத்தில் நின்றது. மோந்தது. வெகு நேரம் மோந்தது. அதன் கண்களில் ஏதோ தடுமாறியதை அவள் பார்த்தாள். அது பார்த்தது, தெரிந்தவரைப்போல வந்து நிற்கும் ஒருவரை. பள்ளத்து வாசனையோடு வந்து நிற்கும் ஒருவரை. அது ஒரு தடவை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தது. கணக்கைச் சரிபார்ப்பதுபோல. மறுபடி அவளைப் பார்த்தது.

மேலுதடு ஏறியது.

"வாண்டு!" என்று கத்தினாள். தொண்டையில் குரல் இல்லை. காற்றுதான் வந்தது.

ஜன்னலுக்குள் விளக்கு. பழுப்பு ஸ்வெட்டரில் அவன், நாற்காலியில், கையை மடியில் வைத்து. தரையில் வாண்டு. அவளுக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மஞ்சள் ஸ்வெட்டரில் ஒருத்தி உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கழுத்துக்கு மேலே வெளிச்சம் படவில்லை.

"அம்மா, வலிக்குது" என்றாள் வாண்டு. "மெதுவாம்மா."

"இதோ" என்றது அவளுடைய சொந்தக் குரல், உள்ளேயிருந்து. "முடிஞ்சுடுச்சு கண்ணு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவளைப் பார்த்தான். அவள் கழுத்திலிருந்து கால்வரை, துணி வாங்குபவர் அளவு பார்ப்பதுபோல, மெல்லப் பார்த்தான்.

கணக்குப்பிள்ளை வாசற்படியில் திரும்பப் படுத்தது. பெரிய தலையை முன்னங்கால்களின்மேல் வைத்து, கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். கணக்கு சரியாக இருந்தது.